29 இன்ச்சுன்னா எங்கேர்ந்து எங்க வரைக்கும்?

எங்க வூட்டு மாடிப்படிக்கு கீழ ஒரு கேரம் போர்டு 16 நாள் சுவத்துல சாஞ்சினு நின்னுச்சு. அத வெச்சு ஆடவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது. ஒரு கீறல் விழுந்தா கூட வித்தவனுங்க நீங்க தான் கெடுத்தீங்கன்னு சொல்லிடுவானுங்கன்னு பழைய பெட்ஷீட் போட்டு மூடி வெச்சிருந்தோம். மேல் போர்ஷன் ஆயா ஏறும்போது ஒருவாட்டி, இறங்கும்போது ஒருவாட்டி "இன்னாடா இது, பொணத்த மூடுன மாதிரி மூடி வெச்சிருக்க"ன்னு கேக்கும். ஆன்லைன்ல தப்பான பொருள் வந்து காச திரும்ப வாங்க நான் பட்ட பாட்ட நாலு பேர் கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் முதல்லேர்ந்து சொல்லி வாய் வலிக்குது, அதான் இங்க எழுதிடறேன்.

புது வண்ணாரப்பேட்டை பக்கம் வந்து பாத்தீங்கன்னா தெரியும், கிரிக்கெட் பேட் இல்லாத வீடு இருக்கும், கேரம் இல்லாத தெரு இருக்காது. நாலு சவுக்கு கட்ட, மேல ஒரு தகர ஷீட்டு, நடுவுல தொங்கற பல்பு, பல்புக்கு காலண்டர் அட்டையில செஞ்ச ஒரு மூடி, அவ்ளோ தான் கிளப்பு. 2024 நவம்பர்ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில நம்ம வட சென்னை பொண்ணு காசிமா, ஆட்டோ ஓட்டுறவரோட பொண்ணு, மூணு தங்கம் வாங்கினு வந்துச்சு இல்ல, அதுக்கப்புறம் ஏரியாவுல பொண்ணுங்களும் ஸ்ட்ரைக்கர் எடுத்துட்டாங்க. எங்க அக்கா பொண்ணுக்கு 11 வயசு, லீவுல எங்க வூட்ல தான் இருப்பா. அவளும் கோச்சிங் போறேன்னு ஒத்தக்கால்ல நின்னா. வூட்ல இருந்தது நான் சின்ன வயசுல ஆடுன சின்ன போர்டு, நடுவுல பள்ளம், போரிக் பவுடர் அரை டப்பா கொட்டுனாலும் காயின் அங்க போய் தான் குந்தும். சரி, மாமா நான் ஒரு டோர்னமெண்ட் போர்டு வாங்கித் தரேன்னு வாய விட்டுட்டேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு விஷயம். மேட்ச் ஆடற போர்டுல ஆடற எடம் மட்டும், அதாவது சுத்தி இருக்கற கட்டைக்கு உள்ளேர்ந்து உள்ள வரைக்கும், 73.5லேர்ந்து 74 சென்டிமீட்டர் இருக்கணும். இன்ச்சுல 29. கட்டையோட சேத்து அளந்தா 34, 35ன்னு போவும். பலகை 8 மில்லிமீட்டருக்கு குறையக் கூடாது. ஆடுறவங்க பாஷையில சொல்லணும்னா, ஸ்ட்ரைக்கர ஓங்கி அடிச்சா எதிர் கட்டைக்கும் இந்தக் கட்டைக்குமா மூணரை ரவுண்டு ஓடணும். சின்ன போர்டுல பழகுன கை பெரிய போர்டுல போய் திணறும், கட் அடிக்கற கோணம் எல்லாமே மாறிடும். அதனால சைஸ் தான் எனக்கு மெயின், கலர் கில்லர் எல்லாம் எனக்கு ஒண்ணுமே இல்ல.

ஆப்புல தேடுனேன். 5,499 ரூபா, "ஃபுல் சைஸ் டோர்னமெண்ட், ப்ளேயிங் சர்ஃபேஸ் 29 இன்ச்", போட்டோவுல நல்லா அகலமா கருப்பு கட்டை. எங்க நைனா, அதான் அப்பா, அவர் மட்டும் "பெரியமேட்ல கட இருக்கு, போய் தட்டிப் பாத்து வாங்கினு வரலாம், கேரம் போர்டு இன்னா பிஸ்கட் பாக்கெட்டா"ன்னாரு. வெய்யில்ல எவன் போறது, யூபிஐல காச தட்டிட்டேன்.

செவ்வாக்கிழம சாயந்திரம் வந்துச்சு. நான் ஆபீஸ்ல இருக்கேன், அம்மா ஓடிபி சொல்லி வாங்கி வெச்சிட்டாங்க. நான் வூட்டுக்கு வர்றேன், பாப்பா அந்த போர்டை ஒத்த கையில தூக்கினு வாசலுக்கு ஓடி வரா. அங்கயே எனக்கு வயித்துல புளி கரைச்சுது. டோர்னமெண்ட் போர்டுன்னா நானே முக்கித் தான் தூக்கணும், இவ ஏதோ முறம் தூக்கற மாதிரி தூக்கினு வரா. கீழ வெச்சு தையல் மெஷின்ல இருந்த இன்ச் டேப்ப எடுத்து அளந்தேன். உள்ளுக்குள்ள 24. திரும்ப அளந்தேன், 24 தான். அப்புறம் வெளிப்பக்கம் இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்கு இழுத்துப் பாத்தேன், அங்க வருது கரெக்ட்டா 29. கட்டை மரக் கலருல வெளுத்துப் போய், பலகைய அடிப்பக்கம் சுண்டுனா டொக்கு டொக்குன்னு தகர டப்பா சத்தம். ஸ்ட்ரைக்கர அடிச்சுப் பாக்கலாம்னு கை வந்துச்சு, நைனா தான் "வாணாம், அடிச்சா யூஸ் பண்ணிட்டன்னு சொல்லுவான், அப்டியே வை"ன்னாரு. பாப்பா மூஞ்சிய பாக்க முடியல.

அடுத்த நாள் காலைல ரிட்டர்ன் போட்டேன். இங்க ஒரு இடம், கொஞ்சம் நிதானமா படிங்க. ரிட்டர்ன் எதுக்குன்னு ஆப்பு ஒரு லிஸ்ட் காட்டும். வேண்டாம்னு தோணிடுச்சு, சைஸ் சரியில்ல, டேமேஜ், படத்துல இருக்கறது வேற வந்தது வேற, இப்படி. நம்ம ஆளுங்க பாதி பேரு அவசரத்துல முதல்ல இருக்கறத தட்டிட்டு போயிடறாங்க. வேண்டாம்னு தோணிடுச்சுன்னு போட்டா தப்பு உங்களுதுன்னு நீங்களே கையெழுத்து போட்டுக் குடுத்த மாதிரி. சைஸ் சரியில்லன்னு போட்டா சட்டை பேண்ட் கணக்குல வேற சைஸ் அனுப்பவான்னு சுத்த விடுவான். நான் படம் வேற பொருள் வேறன்னு போட்டு, டேப்ப வெச்சு உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு போட்டோ ஏத்துனேன். அது வரைக்கும் நான் புத்திசாலி தான்.

நாலாம் நாள் பிக்கப்புக்கு ஒரு தம்பி வந்தான். வேர்த்து வழியுது, வண்டியில பின்னாடி ஒரு மூட்டை, முன்னாடி ஒரு மூட்டை. போர்ட பாத்தான், போன பாத்தான், திரும்ப போர்ட பாத்தான்.

"ணா, இத எடுக்க முடியாதுண்ணா."

"ஏம்ப்பா?"

"ஆப்புல காட்டுற போட்டோவுல கட்டை கருப்பா இருக்கு, இது வேறயா இருக்கேண்ணா. பொருள் மேட்ச் ஆவுதான்னு கேக்குது, ஆவலன்னு தானே போடணும்?"

"அதே தான்பா நானும் சொல்றேன். ஆவல, அதனால தான் திருப்பித் தரேன்."

"அது கரெக்ட்டுண்ணா, ஆனா ஆவலன்னு போட்டா எடுக்க வுடாதுண்ணா. ஆவுதுன்னு போட்டு எடுத்துனு போனா அங்க செக் பண்ணி வேற பொருள்னு என் மேல போடுவாங்க, என் காசு பூடும்."

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துனு நின்னோம். தப்பான பொருள் வந்துச்சுன்னு ரிட்டர்ன் போட்டா, நீ தப்பான பொருள குடுக்கறன்னு எடுக்க மாட்டேங்குது. இத எவன் யோசிச்சு செஞ்சான்னு தெரியல. சரியான பொருள் வந்து புடிக்கலன்னா ஈசியா எடுத்துக்குவான், தப்பான பொருள் வந்தா தான் எடுக்கவே மாட்டான். தம்பி மேல கோவமே வரல, மோர் குடுத்து அனுப்புனோம். அவன் தெரு முனை தாண்டறதுக்குள்ள மெசேஜ் வருது, "நீங்கள் கேட்டுக்கொண்டபடி பிக்கப் ரத்து செய்யப்பட்டது". நான் எப்படா கேட்டேன்?

இங்க தான் எனக்கு காது செவந்துச்சு. ஏன்னா ரிட்டர்னுக்கு 7 நாள் தான், அதுல நாலு பூடுச்சு, இப்ப ரெக்கார்டுல நானே வேணாம்னு சொன்ன மாதிரி நிக்குது. உடனே சாட்ல போய் "நான் ரத்து செய்யச் சொல்லவில்லை, பிக்கப் வந்தவர் பொருள் வேறு என்று எடுக்க மறுத்தார்"னு தேதி நேரத்தோட டைப் பண்ணி வெச்சேன். அங்க முதல்ல ஒரு ரோபோ, "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்". அப்புறம் ஒரு ஆளு, அவரும் "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்". அரை மணி நேரத்துல நாலு பேரு வருந்துனாங்க. அதுல ஒருத்தர் மட்டும் இன்னொரு பிக்கப் போட்டு விட்டாரு.

மறுநாள் வேற ஒருத்தர் வந்தாரு, இவரு வேற ரகம், போர்ட பாக்கவே இல்ல, "பெட்டி எங்க?"ன்னாரு. பெட்டி! வந்த அட்டப்பெட்டிய அம்மா முதல் நாளே முக்குல இருக்கற இஸ்திரிக்காரருக்கு குடுத்துட்டாங்க. ஓடிப் போய் பாத்தா மனுஷன் அத நறுக்கி கரிப் பொட்டிக்கு காத்து மறைப்பா கட்டி வெச்சிருக்காரு, ஒரு மூலை கருகி வேற இருக்கு. அதுல செல்லர் ஒட்டுன லேபிள் மட்டும் பொழச்சிருந்துச்சு, அத வாங்கினு வர்றதுக்குள்ள அந்தாளு கெளம்பி பூட்டாரு. அட்டப்பெட்டிய மட்டும் ரிட்டர்ன் டைம் முடியற வரைக்கும் யாருக்கும் குடுக்காதீங்க சாமி, அம்மாகிட்டயும் சொல்லி வைங்க.

இதுக்கு நடுவுல செல்லர்கிட்டேர்ந்து பதில். "நாங்கள் 29 இன்ச் என்று தான் சொன்னோம், 29 இன்ச் தான் அனுப்பினோம்". கூட ஒரு போட்டோ, வெளிக்கட்டையிலேர்ந்து வெளிக்கட்டைக்கு டேப் இழுத்து வெச்சு. சரி இவன் எழுதுனதையே எடுத்துக் காட்டலாம்னு ஆப்புல அந்த பக்கத்த தொறந்தா, "ப்ளேயிங் சர்ஃபேஸ்" அப்டிங்கற வார்த்தையே காணோம், "சைஸ் 29 இன்ச்"னு மாத்திட்டான் கஸ்மாலம். எனக்கு கை கால் ஓடல. ஆர்டர் பண்ணும்போது நான் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கல. யார் தான் எடுப்பா?

பாப்பா எடுத்திருந்தா. ஆர்டர் பண்ண அன்னிக்கே "மை நியூ போர்டு, தேங்க்யூ மாமா"ன்னு எழுதி, நாலு நெருப்பு பொம்மை, ரெண்டு கேரம் காயின் எல்லாம் ஒட்டி அக்கா போன்ல வாட்ஸப் ஸ்டேட்டஸ் வெச்சிருக்கா. அதுக்காக எடுத்த ஸ்க்ரீன்ஷாட் கேலரில அப்டியே கெடக்கு, பொம்மை எதுவும் ஒட்டாம, ப்ளேயிங் சர்ஃபேஸ் 29 இன்ச், விலை, செல்லர் பேரு, மேல தேதி தெரியற மாதிரி. இவ்ளோ நாள் போன் நோண்டாத நோண்டாதன்னு கத்துன வாயி இது.

நடுவுல நான் பண்ண ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன். ராத்திரி கடுப்புல கஸ்டமர் கேர் நம்பர்னு நெட்ல தேடி, முதல்ல வந்த நம்பருக்கு அடிச்சிட்டேன். ஒரு ரிங்குல எடுத்தான், அதுலயே உஷாராகியிருக்கணும், இவ்ளோ நாள்ல எந்த கஸ்டமர் கேர் ஒரு ரிங்குல எடுத்துச்சு? அழகா பேசுனான், "ரீஃபண்ட் இப்பவே போட்டுடலாம் சார், ஒரு ஆப் ஏத்துங்க, உங்க ஸ்க்ரீன் எனக்கு தெரியும், அப்புறம் யூபிஐல 5499 அடிச்சு பின் போடுங்க, காசு உங்களுக்கு வந்துடும்". பின்னு சொன்ன உடனே தான் மண்டையில மணி அடிச்சுது. யூபிஐ பின் போட்டா நம்ம அக்கவுண்ட்லேர்ந்து காசு போவும், வர்றதுக்கு பின் தேவையே இல்ல. கட் பண்ணிட்டேன். போட்டிருந்தா அடுத்து 1930க்கு போன் பண்ணி சைபர் க்ரைம்ல பொலம்பினு இருந்திருப்பேன். நம்பர் வேணும்னா ஆப்புக்குள்ள போய் பாருங்க, வெளிய தேடாதீங்க.

ஏழாம் நாள் ஆப்புல "ரிட்டர்ன் காலம் முடிந்தது"ன்னு வந்துடுச்சு. அவ்ளோ தான் போலன்னு நெனச்சேன். என் ஆபீஸ் பாரிஸ் கார்னர்ல, மத்தியானம் டீ குடிக்க தம்புச்செட்டித் தெரு பக்கம் போவோம், அங்க ஒரு வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா எனக்கு ரொம்ப வருஷமா பழக்கம். அவர்கிட்ட பொலம்புனா மனுஷன் பன்ன டீயில முக்கினே சிரிக்கறாரு. "7 நாளு அவன் போட்ட கணக்குப்பா. கவர்மெண்ட் போட்ட கணக்கு வேற"ன்னாரு.

அவர் சொன்னத அப்புறம் நானே தேடிப் படிச்சு சரி பாத்தேன். 2019ல நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புதுசா வந்துச்சு, அது கீழ 2020 ஜூலைல ஆன்லைன் வியாபாரத்துக்குன்னு தனியா விதி போட்டாங்க. அதுல நமக்கு வேண்டியது ரெண்டு தான். விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாத பொருள, ஓட்டை ஒடசல், டூப்ளிகேட்டு, இதையெல்லாம் திருப்பி எடுக்க மாட்டேன், காச தர மாட்டேன்னு செல்லர் சொல்லக் கூடாது. ரெண்டாவது, ஒவ்வொரு ஆப்புலயும் குறைதீர்ப்பு அதிகாரின்னு ஒருத்தர வெச்சு அவர் பேரு, தொடர்பு விவரம் எல்லாம் போட்டிருக்கணும். புகார் போன 48 மணி நேரத்துல கெடச்சுதுன்னு பதில் சொல்லணும், ஒரு மாசத்துல தீத்து வைக்கணும். அந்த மெயில் ஐடி ஆப்புல எங்க இருக்குன்னு கேக்கறீங்களா, கீழ போ, கீழ போ, இன்னும் கீழ போ, பொடி எழுத்துல சட்ட திட்டம்னு ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள.

மெயில் எப்படி எழுதறதுன்னும் அவரே சொன்னாரு. "அழுவாத. மன உளைச்சல், கொழந்த ஏங்கிப் போச்சு, இதெல்லாம் வாணாம். ஆர்டர் நம்பர், தேதி, சொன்னது 29, வந்தது 24, மூணு போட்டோ, எனக்கு இன்னா வேணும்னு கடைசி வரில ஒண்ணே ஒண்ணு. முழுப் பணம். எக்ஸ்சேஞ்ச்னு மட்டும் எழுதிடாத, திரும்ப அதே போர்டு தான் வரும்." நான் முதல்ல எழுதி வெச்சிருந்தது ரெண்டு பக்கம், அதுல உங்க கம்பெனி நாசமா போவன்னு கூட இருந்துச்சு. அத்தனையும் அடிச்சிட்டு எட்டு வரில அனுப்புனேன். பாப்பா எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டையும் இன்னிக்கு அந்த பக்கம் எப்படி இருக்குங்கறதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரே போட்டோவா ஆக்குனேன். மாத்திட்டான்னு நான் வாய தொறந்து சொல்லவே இல்ல, பாக்கறவனுக்கே தெரியட்டும்.

அடுத்த நாள் 1915க்கும் அடிச்சேன். மத்திய அரசோட நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். எடுத்த அம்மா பொறுமையா கேட்டு எழுதிக்கிட்டு, "வெளிப்பக்கம் 29, உள்பக்கம் 24, சரிங்களா"ன்னு என்கிட்டயே திருப்பி சொல்லி சரி பாத்துக்கிட்டாங்க, இத்தன நாள்ல என் பிரச்சனைய ஒரு மனுஷன் வாயால சரியா கேட்டது அது தான் முதல் தடவ. புகார் நம்பர் ஒண்ணு மெசேஜ்ல வந்துச்சு. அவங்களுக்கு கம்பெனிய தண்டிக்கற அதிகாரம்லாம் கெடையாது, நம்ம புகார கம்பெனிக்கு அனுப்பி பதில் வாங்குவாங்க, அவ்ளோ தான். ஆனா இவன் சும்மா வுட மாட்டான்னு கம்பெனிக்கு தெரிஞ்சுடும்ல. அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருள் வாங்குன கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் நாம குடியிருக்கற ஊர்லயே கேஸ் போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது, 2 வருஷம் டைம் இருக்கு. குமாஸ்தா அதுக்கே ரெடியாத்தான் இருந்தாரு, எனக்கு தான் ஒரு கேரம் போர்டுக்கு லீவு போட்டு அலையற தெம்பு இல்ல.

தேவையும் படல. மெயிலுக்கு ரெண்டாவது நாளே பதில் வந்துச்சு, இந்தவாட்டி வருந்துனதோட, எழுதுனவர் பேரும் போட்டிருந்துச்சு. நாலு நாள் கழிச்சு ஒரு அம்மா போன் பண்ணி, போட்டோவ சரி பாக்காம எடுக்கற மாதிரி பிக்கப் போட்டிருக்கோம்னாங்க. பாருங்க, அப்படி ஒரு பட்டன் அவங்ககிட்ட ஆரம்பத்துலேர்ந்தே இருந்திருக்கு. பதினாறாம் நாள் முதல்ல வந்தான் பாருங்க, அதே தம்பி தான் வந்தான். நாங்க பெட்ஷீட்ட எடுத்து, நாலு பக்கமும் போட்டோ எடுத்து, அவன் வண்டியில ஏத்தறத வீடியோ எடுத்து, ரிட்டர்ன் எடுத்ததுக்கு ரசீது நம்பர் வாங்குனோம். "என்னாண்ணா கல்யாண வீட்டு மாதிரி படம் புடிக்கறீங்க"ன்னு கூச்சப்பட்டான். கருகுன அட்டப்பெட்டி மூலையையும் அவன் கையில குடுத்து அனுப்புனேன், இருக்கட்டும்.

மூணு நாள் கழிச்சு 5,499 வந்துச்சு. ஆப்புல "ரீஃபண்ட் முடிந்தது"ன்னு வந்து ஒரு முழு நாள் ஆகியும் பேங்க்ல வரல, அதுக்கும் கேட்டு 12 நம்பர் உள்ள ஒரு யூபிஐ ரெஃபரன்ஸ் வாங்கி வெச்சேன், அதுக்குள்ள வந்துடுச்சு. பிளாட்ஃபார்ம் ஃபீஸ்னு தனியா ஒரு 9 ரூபா புடிச்சிருந்தான், அது வரல. அதுக்கு இன்னொரு மெயில் போடலாமான்னு இன்னிக்கு வரைக்கும் கை அரிக்குது, வூட்ல கைய கட்டிப் போட்டு வெச்சிருக்காங்க.

ஞாயித்துக்கிழம நைனா, நான், பாப்பா மூணு பேரும் பெரியமேடு போனோம். கடக்காரர் ஒண்ணு ஒண்ணா எடுத்துப் போட, நைனா அடிப்பக்கம் விரல் முட்டியால தட்டித் தட்டி பூசணிக்கா வாங்கற மாதிரி காத வெச்சு கேக்கறாரு. ஒண்ணு புடிச்சிருந்துச்சு, 6,300. நைனா சட்டப் பாக்கெட்லேர்ந்து அம்மாவோட இன்ச் டேப்ப எடுத்தாரு, எப்ப எடுத்து வெச்சாருன்னே தெரியல. கடக்காரர் சிரிச்சிட்டாரு. "உள்ளேர்ந்து வெச்சு அள பெரியவரே"ன்னாரு. உள்ளேர்ந்து தான் வெச்சாரு. 29. பாப்பா ஸ்ட்ரைக்கர வெச்சு ஓங்கி ஒரு அடி, போயி, வந்து, போயி, பாதியில நின்னுச்சு. அவ அடிக்கு அது போதும்.

ஆட்டோவுல படுக்க வைக்க முடியல, நைனா மடியில நிமித்தி வெச்சு ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. வால்டாக்ஸ் ரோடு பள்ளத்துல ஆட்டோ குதிக்கும்போதெல்லாம் போர்டுக்கு பின்னாலேர்ந்து டிரைவர திட்டற சத்தம் மட்டும் வந்துனு இருந்துச்சு.